பக்கிள் முதுகுப் பக்கம்

நாற்காலி வேண்டாம் பாய். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நின்றுகொண்டே பேசுகிறேன். டீயும் வேண்டாம்.

இந்தாருங்கள் உங்கள் பளு தூக்குகிற பெல்ட். மாட்டுத்தோல், நாலு அங்குல அகலம், காலத்துக்கும் உழைக்கும் என்றீர்கள். உழைக்கும். இல்லை என்று நான் சொல்லவில்லை. தோலில் குறை இல்லை, தையலில் குறை இல்லை. காசு திருப்பிக் கேட்க வரவில்லை. வேறு ஒன்று கொடுங்கள். இப்போதே வேண்டும். நாளைக் காலையில் என் மகன் வருகிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு என்று சொல்லித்தான் இரண்டு தடவையும் வாங்கிப் போனேன். பேரனுக்கு இல்லை. பேரன் இருக்கிறான், ஓசூரில். அவனுடைய புத்தகப் பையையே அவன் அம்மாதான் தூக்குகிறாள். பெல்ட் எனக்கு.

அதோ கண்ணாடி முன்னால் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆமாம் தம்பி, எனக்குத்தான். நீ உன் கையைப் பார். தொடை மாதிரி வைத்திருக்கிறாய். எதைத் தூக்குகிறாய்? கம்பி. கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே கனம். கம்பி வேர்க்காது, வழுக்காது, பயப்படாது. கீழே போட்டால் ரப்பர் பாய் இருக்கிறது. அதற்கு எந்த பெல்ட்டும் போதும்.

நான் தூக்குவது என் வீட்டுக்காரியை.

சுருக்கமாகச் சொல்கிறேன் பாய். பிசியோ பெண் பன்னிரண்டு வரைதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் அயனாவரம் திரும்ப வேண்டும்.

போன ஐப்பசி மழையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் மொத்தமாகப் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை இருக்கிறது. இரும்பு மாதிரி இருக்கிறது. அதுதான் இப்போது தொல்லை. அதற்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தூக்க ஆரம்பித்தேன். கட்டிலிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து கட்டில். குளியலறைக்கு மட்டும் முழுத் தூக்கு. பழைய வீடு, கட்டினவன் குளியலறை வாசற்படியை முழங்கால் உயரத்துக்கு வைத்திருக்கிறான், வெள்ளம் உள்ளே வரக்கூடாது என்று. வெள்ளம் வரவில்லை, சக்கர நாற்காலியும் போகவில்லை. அவள் என்னைவிடக் கனம். எவ்வளவு என்று கேட்காதீர்கள். சொல்ல விடமாட்டாள்.

எப்படித் தூக்குவது என்று அந்தப் பிசியோ பெண், பெனிட்டா என்று பெயர், எனக்கே சொல்லிக்கொடுக்க வந்தாள். எனக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் கிரேனுக்கு அடியில் நின்றவன். இரும்பு யார்டு. சரக்குக்குக் கொக்கி மாட்டுகிறது என் வேலை. எந்த இடத்தில் வார் போட்டால் சரக்கு சாயாது, எங்கே போட்டால் சுற்றும், எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். மேலே தூக்கச் சொல்ல ‘ஆவிஸ்’ என்று குரல் கொடுப்போம். கீழே இறக்க ‘ஆரியா’. அது எந்த ஊர் மொழியோ. கிரேன்காரனுக்கு அதுதான் மொழி.

வீட்டிலும் அதுதான் வாயில் வந்தது. முதல் தடவை அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, அவள் முழங்காலை என் முழங்காலால் முட்டுக் கொடுத்து, அக்குளில் கை கொடுத்து, "ஆவிஸ்" என்றேன். ஒரு பக்க வாயால் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதிலிருந்து தூக்கும்போதெல்லாம் ஆவிஸ், இறக்கும்போதெல்லாம் ஆரியா. எதிர் வீட்டில் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மார்கழியில் என் முதுகில் டப்பென்றது.

டாக்டரிடம் போனேன். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார். "ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது பெரியவரே" என்றார். சரி என்றேன். அன்றிலிருந்து குடம் தூக்கவில்லை. மேல் வீட்டுப் பையன் பிடித்து வைக்கிறான். டாக்டர் சொன்னதை மீறுகிறவன் இல்லை நான்.

என் மகனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. பெனிட்டாதான் சொல்லியிருப்பாள். எழிலரசன் அவன் பெயர். பெயரை நான் வைத்தேன், பிடிவாதத்தை அவன் அம்மா கொடுத்தாள். முதலில் ஒரு மெஷினை அனுப்பி வைத்தான். சக்கரம் வைத்த கம்பம், மேலே ஒரு கை, கையில் ஒரு கொக்கி, கொக்கியில் துணி வார். நோயாளியைத் தூக்குகிற மெஷின். பட்டனை அமுக்கினால் தானாகத் தூக்கும்.

சொல்லுங்கள் பாய், அது என்ன? கிரேன். எனக்கே கிரேன் அனுப்புகிறான்.

பெனிட்டாவுக்கு ஒரே சந்தோஷம். "அங்கிள், ஒரு தடவை போட்டுப் பாக்கலாம். ஆன்ட்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது." போட்டாள். வாரைச் சரியாகத்தான் போட்டாள், அதில் குறை சொல்ல மாட்டேன். பட்டனை அமுக்கினாள். என் வீட்டுக்காரி மெல்ல எழும்பினாள். கட்டிலுக்கு மேலே, காற்றில், கால் தொங்க. மெல்லச் சுற்றினாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

நான் "ஆரியா" என்று கத்திவிட்டேன். பெனிட்டாவுக்குப் புரியவில்லை. பட்டனைப் பிடுங்கி நானே இறக்கினேன்.

"ஏன் அங்கிள், ஆன்ட்டி சிரிச்சாங்க" என்கிறாள்.

சிரித்தாளாம். வாழ்ந்த வாழ்க்கையில் அவள் சிரிப்புக்கும் அழுகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நேற்று வந்த பெண் எனக்குச் சொல்கிறாள். கொக்கியில் தொங்கினால் எதுவாக இருந்தாலும் அது சரக்குதான். யார்டில் நான் பார்க்காததா. இப்போது அந்த மெஷின் வராண்டாவில் நிற்கிறது. துணி காயப் போடுகிறேன். அதற்கு நல்ல உயரம்.

இன்னொன்று. அதை எதற்குச் சொல்ல வேண்டும், சரி, கேட்டீர்கள். கேட்கவில்லையா? கேட்ட மாதிரி இருந்தது. நான் தூக்கும்போது அவள் இடது கை என் முதுகைச் சுற்றி வரும். பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் மட்டும்தான் பிடிக்கிறாள். மெஷினில் எதைப் பிடிப்பாள்? கம்பியையா? விடுங்கள்.

பிறகு மகன் போன் பண்ணினான்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேம்ப்பா."

"எங்க?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க. எல்லா வசதியும் இருக்கு."

"நான்?"

"நீங்க எங்களோட இருங்க. தெனம் சாயங்காலம் போய் அம்மாவப் பாருங்க."

"போய்ப் பாக்குறதுக்கு அவ என்னடா மிருகக்காட்சி சாலையா?"

அவனும் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அவன்தான் சொன்னான். "சரி. நான் அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம வர்றேன். என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவ தூக்குங்க. கட்டில்ல இருந்து பாத்ரூம், பாத்ரூம்ல இருந்து கட்டில். மொகத்தச் சுளிக்காம. தூக்கிட்டீங்கன்னா நான் அதுக்கப்புறம் வாயத் தெறக்க மாட்டேன். முடியலன்னா அம்மா என்கூட கார்ல வர்றாங்க."

"சரிடா" என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் முதுகு ஞாபகம் வந்தது.

நாளைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

பெல்ட் எப்படித் தோன்றியது என்றால், எங்கள் யார்டில் டேவிட்சன் என்று ஒருவன் இருந்தான். பளு தூக்குகிறவன். கழுத்து கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வெயிட் போடுமுன் இத்தனை அகலத்துக்கு ஒரு பெல்ட்டை இடுப்பில் கட்டுவான். கட்டினால் ஆளே மாறிவிடுவான். நடக்க முடியாமல் நொண்டிக்கொண்டு வருகிறவன், அதைக் கட்டினதும் நேராக நிற்பான். ஏன் நொண்டினான் என்று நான் அப்போது கேட்டதில்லை. அந்த பெல்ட் ஞாபகம் வந்தது. விசாரித்தேன். பெரியமேட்டுக்குப் போ என்றார்கள். உங்கள் கடைக்கு வந்தேன்.

நீங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டீர்கள். பையன் எந்த ஜிம், எத்தனை மாசமாக, தோள் மட்டத்துக்கா, தலைக்கு மேலேயா. எனக்கு என்ன தெரியும். நெஞ்சு வரைக்கும் என்றேன். "ஆரம்பத்துல இருக்கிற பையனுக்குத் தோல் பெல்ட் வேணாம் சார், விலாவுல வெட்டும். துணி பெல்ட் போடட்டும்" என்று சொல்லி, அந்தப் பர்ர் என்று ஒட்டுகிற பெல்ட்டைக் கொடுத்தீர்கள். பாடமும் நடத்தினீர்கள். பெல்ட் முதுகைத் தூக்காது. மூச்சை வயிற்றில் இறக்கி, வயிற்றால் பெல்ட்டைத் தள்ள வேண்டும். தள்ளினால் நடு உடம்பு உருளைக் கட்டை மாதிரி நிற்கும். தொப்புளுக்கு மேலே கட்டு. ஒரு விரல் நுழையட்டும், இரண்டு விரல் நுழைந்தால் லூசு.

அத்தனையும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன், அவளைத் தூக்கினேன், வலி பாதியாகக் குறைந்தது. ஒரு வாரம் நன்றாகப் போயிற்று.

பிறகு ஒரு காலை, வாசற்படியைத் தாண்டும்போது, வயிற்றைத் தள்ளினேன். பர்ர். பெல்ட் வாயைப் பிளந்துவிட்டது. துணி ஒட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும், வேர்வை பட்டுக்கொண்டே இருந்தால். பிடி போயிற்று. நான் அவளை விடவில்லை. விடாததால் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தோம். மெல்லத்தான், சறுக்கிக்கொண்டு. அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி வந்து எங்கள் காலைத் தொட்டது.

பெனிட்டா வந்தாள். கையில் இருந்த பையைக் கீழே போட்டாள். "அங்கிள், என்னாச்சு?"

"சும்மா உக்காந்திருக்கோம்" என்றேன்.

மறுநாளே உங்களிடம் வந்தேன். பையன் நன்றாகத் தேறிவிட்டான், தோல் பெல்ட்டே கொடுங்கள் என்றேன். இதைக் கொடுத்தீர்கள். ஒரு முள், கனத்த பக்கிள். இது திறக்காது. சத்தியமாகத் திறக்கவில்லை. இரண்டு நாள் நிம்மதி.

மூன்றாம் நாள் பெனிட்டா அவளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வையே சரியில்லை.

"அங்கிள், ஆன்ட்டி வயித்துல இது என்ன?"

போய்ப் பார்த்தேன். வயிற்றின் வலது பக்கம், சதை நீலம் பாரித்திருந்தது. சதுரமாக. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கிள். முத்திரை குத்தின மாதிரி.

நான் தூக்குவது எப்படி என்று சொன்னேன் அல்லவா. நெஞ்சோடு நெஞ்சாக. என் வயிறு தள்ள, பெல்ட் தள்ள, பெல்ட்டில் இருக்கிற இரும்பு அவள் வயிற்றில் இறங்கியிருக்கிறது. வலது பக்கம் அவளுக்கு உணர்ச்சி இல்லை, தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல வாய் இல்லை. வாய் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு.

உங்களைத் திட்ட வரவில்லை பாய். கம்பி தூக்குகிறவனுக்குப் பக்கிள் முன்னால் இருந்தால் என்ன, கம்பிக்கா காயம் படப் போகிறது. கட்டிப்பிடித்துத் தூக்குகிறவன் ஒருவன் வருவான் என்று பெல்ட் செய்கிறவனுக்கு யார் சொன்னார்கள்.

பக்கிளை முதுகுப் பக்கம் திருப்பினால் தீர்ந்தது. எளிது. ஆனால் முதுகுப் பக்கம் நான் எப்படி மாட்டுவது? என் கை பின்னால் அவ்வளவு தூரம் போகாது. முன்னால் மாட்டிச் சுற்றிவிடலாம் என்றால், இறுக்கிக் கட்டின பெல்ட் சுற்றாது. சுற்றினால் தோல் உரிகிறது.

அப்போதுதான் அவள் இடது கையை நீட்டினாள்.

கட்டிலில் அவளைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். நான் கட்டில் ஓரத்தில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் தட்டினாள். வாரைக் கொடு என்கிற மாதிரி. கொடுத்தேன். ஒரு கையால் எப்படி இறுக்குவாள்? வாரின் நுனியைப் பல்லில் கடித்தாள். கடித்து, தலையைப் பின்னால் இழுத்தாள். கையால் முள்ளை ஓட்டையில் விட்டாள். டக்கென்று உட்கார்ந்தது.

இதோ, இந்த நுனியைப் பாருங்கள். வரிசையாகப் பள்ளம். அவள் பல். கட்டின பல் இல்லை, எல்லாம் சொந்தப் பல். இதனால்தான் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை.

பந்தைப் பிசை, கட்டையை அடுக்கு என்று பெனிட்டா மாசக்கணக்காகக் கெஞ்சுகிறாள். இவள் செய்ய மாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். இதைச் செய்தாள். மாட்டிவிட்டு, என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். சரி, எழுந்திரு என்று. நான் என்ன சொல்வது. புதுத் துணி கட்டின மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் பெல்ட்டை எடுத்து அவள் மடியில் போடுவேன். கடிப்பாள், இழுப்பாள், மாட்டுவாள், தட்டுவாள். ஆவிஸ். எழிலரசா வாடா, வந்து பார் என்று இருந்தேன்.

முந்தாநாள் கெட்டது.

குளியலறையிலிருந்து திரும்புகிறோம். அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தேன். ஒரு சத்தம் கேட்டது. மாடு அடிபட்ட மாதிரி. எங்கிருந்து என்று பார்க்கிறேன், என் வாயிலிருந்து. இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் நெருப்பு. அவளைக் கீழே போடவில்லை. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டில் வரைக்கும் கொண்டுவந்து, ஆரியா சொல்லி, இறக்கிவிட்டுத்தான் தரையில் படுத்தேன். படுத்துக்கொண்டே பார்த்தேன், கட்டில் ஓரத்தில் அவள் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. என்னை எட்டப் பார்த்தது. எட்டவில்லை.

நேற்றுக் காலையில் பெல்ட்டை அவள் மடியில் போட்டேன். கை அசையவில்லை. வாரை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கஷாயத்துக்குக்கூட அப்படி மூடினதில்லை.

"ரஞ்சிதம், வெளயாடாத" என்றேன். மனோரஞ்சிதம் அவள் பெயர்.

மூடியேதான் இருந்தாள்.

"ஞாயித்துக்கெழம உன் புள்ள வர்றான். நான் தூக்கலன்னா உன்ன அவன் கொண்டுபோயிருவான். புரியுதா? புரிஞ்சா கண்ண மூடு."

கண்ணை மூடினாள்.

அப்போ புரிகிறது. புரிந்துகொண்டே செய்கிறாள். சரி, நீ இல்லாவிட்டால் எனக்கு மாட்டத் தெரியாதா என்று முன்னால் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி, பக்கிளைப் பின்னால் கொண்டுவந்தேன். இடுப்பெல்லாம் உரிந்துவிட்டது, சட்டையைத் தூக்கினால் காட்டுவேன், வேண்டாம். அவளை ஓரத்துக்கு நகர்த்தினேன். முழங்காலுக்கு முட்டு. அக்குளில் கை. அவள் இடது கை என் முதுகுக்கு வந்தது. நல்லது, கோபம் தீர்ந்தது என்று நினைத்தேன். வாரைப் பிடித்து இழுத்தாள். பெல்ட் இறுகியது. அட, உதவி செய்கிறாள். மூச்சை இறக்கி "ஆவிஸ்" என்றேன்.

விட்டுவிட்டாள். இழுத்து இறுக்கினால்தானே முள் ஓட்டையிலிருந்து வெளியே வரும். அதற்காக இழுத்திருக்கிறாள். பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. நான் அப்படியே கட்டிலில் அவள் மேல் விழுந்தேன்.

திரும்ப மாட்டினேன். திரும்பக் கழற்றினாள். திரும்ப மாட்டினேன். வெயில் ஏறுகிற வரைக்கும் இதே வேலை. கடைசியில் நான் "ஆவிஸ்" என்று வாயைத் திறக்குமுன்னே கழற்றினாள்.

நேற்றுக் காலையிலிருந்து அவள் கட்டிலில்தான் இருக்கிறாள் பாய். எல்லாம் கட்டிலிலேயே. அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா? ஜுரம் என்றாலும் குளித்துப் பொட்டு வைக்காமல் அடுப்படிக்குப் போகமாட்டாள். அவளை நான் துணி மாற்றி, துடைத்து, முகத்தைப் பார்க்காமல். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒரு துண்டை எடுத்தேன். அந்தக் கையைக் கட்டிவிட்டால் என்ன என்று. அவள் பார்த்தாள். துண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். தானாகக் கையை நீட்டினாள். மணிக்கட்டைத் திருப்பி, கட்டு என்கிற மாதிரி.

கட்டவில்லை. கையைக் கட்டினால் என்னை எப்படிப் பிடிப்பாள்? பிடிக்காமல் தூக்கினால் பின்னால் சாய்ந்துவிடுவாள், கொக்கி மாட்டினவனுக்கு அது தெரியாதா. துண்டை மடித்து வைத்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, சத்தமாகச் சொல்லுங்கள். "அம்மா வேணாங்கறாங்க போல சார்." அப்படியா. அவளுக்குப் பேச்சே கிடையாது பாய். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் எப்படிச் சொல்வாள்? நீங்கள் பார்த்தீர்களா? கடையில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குக் கேட்டதா? இத்தனை வருஷம் கூட இருந்த எனக்குக் கேட்காதது? அது குறும்பு. கல்யாணமான புதிதில் நான் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினால் செருப்பில் ஒன்றை ஒளித்து வைப்பாள். மழை நாளில் கட்டாயம் ஒளித்து வைப்பாள். தேடிக் கிடைக்காமல் எத்தனை நாள் லீவு போட்டிருக்கிறேன். அதே புத்தி. வயசானால் போகுமா?

பேச நேரம் இல்லை. பெல்ட்டை எடுங்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மாட்டினால், பின்னாலிருந்து ஒரே கையால் கழற்ற வரக் கூடாது. அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லையா?

இது என்ன, லிவர் வைத்ததா. திறந்து காட்டுங்கள். ம். ஒரு விரலால் நெம்பினால் திறக்கிறது. அவளுக்கு இது பால் பாக்கெட். வையுங்கள்.

அது? இரண்டு முள்ளா. கொடுங்கள். கனம் இருக்கிறது, பரவாயில்லை. இதை மாட்டி, நீங்களே ஒரு கையால் கழற்றுங்கள் பார்ப்போம். இடது கையால். வாயைக் கொண்டுவராதீர்கள், தூக்கும்போது அவள் வாய் என் முதுகுக்கு எட்டாது. ஒரு முள் வந்தது. அடுத்தது? முதல் முள் திரும்ப விழுந்துவிட்டது. திரும்ப. ம். திரும்ப விழுந்துவிட்டது. உங்களாலேயே முடியவில்லை. தொடைக் கைத் தம்பி, நீ வா, நீ கழற்று. முடியவில்லையா? முடியவில்லை.

இதுதான். இது போதும்.

மடிக்க வேண்டாம், பையும் வேண்டாம். இங்கேயே மாட்டிவிடுங்கள். வீட்டில் எனக்குப் பின்னால் மாட்டிவிட ஆள் இல்லை என்று சொன்னேனே. இதோடுதான் போவேன், இதோடுதான் இன்றைக்குப் படுப்பேன். படுக்கிறது என்ன, சுவரில் சாய்ந்து நிற்கிறேன். அவன் காலையில் வந்துவிடுவான். கட்டிலில் இருந்து குளியலறை, குளியலறையில் இருந்து கட்டில். முகம் சுளிக்காமல். அது ஒன்றுதான் நான் பழக வேண்டும். முதுகைப் பற்றிக் கவலை இல்லை. அவன் போன பிறகு முதுகு என்ன ஆனால் என்ன.

சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மாட்டுங்கள். உரிந்த இடத்தைப் பார்க்காதீர்கள், அது காய்ந்துவிட்டது. தொப்புளுக்கு மேலே. அப்படித்தான். இழுங்கள்.

இன்னும் ஒரு ஓட்டை.

இல்லை, வலிக்கவில்லை. அது மூச்சு. இழுங்கள்.

இன்னும் ஒன்று போகும். விரல் நுழையக் கூடாது. பேரனுக்குத்தான் ஒரு விரல், எனக்கு வேண்டாம்.

என்ன பாய். ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்?

இழுங்கள். பன்னிரண்டு அடித்தால் அவள் அங்கே தனியாக இருப்பாள். இழுங்கள் என்கிறேன்.